சிரேசியின் முதல் காய்ப்பு

சிரேசிக்கு வெனிலாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் பெட்டி எவ்வளவு கனம் என்பது மட்டும்தான். அந்தலாஹா துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் அந்தப் பெட்டிகளைத் தோளில் சுமந்து கப்பலில் ஏற்றியவன். ஒருநாள் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை சும்மா இருக்காமல், "இந்த ஒரு பெட்டி உன் பத்து வருஷக் கூலி, பார்த்துத் தூக்கு" என்று சொல்லிவிட்டான். அன்றோடு ஆளுக்கு நிம்மதி போயிற்று. முப்பத்தெட்டு வயது. முதுகு வலிக்க ஆரம்பித்திருந்தது. செத்துப்போன தாய்மாமனுக்கு மருவாத்து மலையில் ஒரு சரிவு உண்டு, காடு மண்டிக் கிடக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

மனைவி வாவிசுவா துறைமுக வாசலில் அரிசிப் பணியாரம் சுட்டு விற்பவள். விஷயத்தைச் சொன்னதும் அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"போய் நடு, வேணாம்னு சொல்லல. ஆனா ஓலைக் குடிசைல எம்பொண்ண வெச்சுக்கிட்டுப் புயல்ல நனைய என்னால ஆகாது. தகரக் கூரை போட்டுட்டுச் சொல்லியனுப்பு, அடுத்த வேன்லயே வர்றேன். அதுவரைக்கும் எங்கம்மா வீட்ல இருக்கேன்."

"காய்க்க மூணு வருஷத்துக்கு மேல ஆகுமாம்டி."

"ஆகட்டும். நடுவுல வேற எவளையாவது அந்தக் கூரைக்குக் கீழ கொண்டாந்தேன்னு வெச்சுக்க, அதுக்கும் வருவேன். கொளுத்திட்டுப் போறதுக்கு."

முதல் காய்ப்பு, அதை விற்றுத் தகரக் கூரை, கூரைக்குக் கீழே மனைவியும் மகளும். சிரேசி மருவாத்துக்கு வந்து இறங்கியபோது அவன் மனசில் இருந்தது இவ்வளவுதான். வேறு ஆசை எதுவும் அந்த மனுஷனுக்குக் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் வருஷம் அவன் செய்த கூத்தை ஊரே பார்த்துச் சிரித்தது. காட்டை வெட்டினான், சரி. வெட்டினவன் நிழல் மரங்களையும் சேர்த்து வெட்டிச் சாய்த்துவிட்டான். வெனிலா ஒரு கொடி, அது ஏற மரம் வேண்டும், மேலே பாதி வெயில் பாதி நிழல் வேண்டும். இவன் மொட்டைச் சரிவில் குச்சிகளை நட்டு, கொடித் துண்டுகளை வாங்கி வந்த அன்றைக்கே, வெட்டுவாய் காயாமல், கரும்பை நடுவதுபோல ஆழமாகப் புதைத்தான். பதினைந்து நாளில் அத்தனையும் அழுகிக் கூழாகிவிட்டன. அவன் அந்தக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மேல் சரிவுத் தோட்டக்காரன் பெதூம்பு இறங்கி வந்தான்.

"ஏ கப்பல் பொணமே! செத்ததுக்குத்தான் குழி தோண்டுவாங்க. உசுரோட இருக்கறத எதுக்குடா புதைச்ச? எங்க வீட்டு அடிமைக்குப் பொறந்த பயலுக்கு இதுகூடத் தெரியலயா?"

சிரேசிக்கு ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. அப்புறம் வம்சப் பெயரைக் கேட்டதும்தான் புரிந்தது, வந்திருப்பவன் ஸீவா என்று.

ஸீவா என்பது கேலி முறை. எங்கள் பக்கம் சில வம்சங்களுக்குள் எப்போதோ முன்னோர் ரத்தம் மாற்றிக்கொண்டு ஏற்படுத்திவிட்டுப் போனது. ஸீவாவை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். அவன் வீட்டில் எது கண்ணில் பட்டாலும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும். முகம் கோணினால் முன்னோர் பொறுக்கமாட்டார்கள். நாளைக்கு இவன் போய் அவன் வீட்டில் இரண்டு மடங்காக எடுத்து வந்துவிட்டால் தீர்ந்தது. துறைமுகத்தில் வளர்ந்த சிரேசிக்கு இதில் திட்டு மட்டும்தான் பழக்கம். எடுப்பது பழக்கமில்லை.

பெதூம்பு எடுத்தான் பாருங்கள், அப்படி எடுத்தான்! கோழி போயிற்று, புது அரிவாள் போயிற்று. ஒருநாள் அடுப்பில் மரவள்ளிக் கீரையோடு கொதித்துக்கொண்டிருந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டான். போகும்போது, "உப்புக் கம்மிடா, மூட்டைத் தூக்கி!" என்று ஒரு சத்தம் வேறு. ஆனால் அதே பெதூம்புதான் தன் கொடியிலிருந்து இருநூற்றைம்பது துண்டு வெட்டி, ஒரு வாரம் நிழலில் வாட்டி, கொண்டுவந்து போட்டான். வெட்டின இடத்தில் புதிதாக நிழல் மரம் நடவும், கணுவை மண்ணுக்கு மேலே விட்டு இலைச்சருகு மூடவும், மரம் வளர்ந்ததும் கொடியை இறக்கி வளைத்துக் கட்டவும் அவன்தான் காட்டினான். ஒரு காசு வாங்கவில்லை. இரண்டாம் வருஷப் புயலில் சிரேசியின் குடிசை பறந்தபோது பத்து நாள் தன் வீட்டில் படுக்க வைத்துச் சோறு போட்டவனும் அவன்தான். அந்தப் பத்து நாளும் வேளைக்கு வேளை திட்டோடு சேர்த்துத்தான் போட்டான்.

"ஏன்டா, எங்க வீட்டுக் கோழியத் தூக்கிட்டுப் போயேன்டா. கை இருக்குல்ல?" என்று பெதூம்பு அடிக்கடி சீண்டுவான்.

"பரவால்லண்ணே, இருக்கட்டும்" என்பான் சிரேசி.

"அண்ணனாம்! ஸீவாவப் போய் அண்ணேங்கறான் பாரு. உங்கிட்ட விளையாடறதுக்கு ஆமைகிட்ட விளையாடலாம்."

சிரேசி ஒருநாளும் அவன் வீட்டில் ஒரு முட்டைகூட எடுத்ததில்லை. கூச்சம் என்று நினைத்தோம். கூச்சம் இல்லை. போன கோழியையும் போன அரிவாளையும் போன சட்டியையும் அவன் ஒன்றுவிடாமல் மனசில் வைத்திருந்தான். வாய் சிரிக்கும், வயிறு எரியும். எடுத்ததைத் திருப்பி எடுக்கத் தெரியாதவனுக்கு அந்த முறை வெறும் கொள்ளையாகத்தான் படும். முட்டாள், ஒரு கோழியைத் தூக்கியிருந்தால் அந்த எரிச்சல் அன்றைக்கே அடங்கியிருக்கும்.

மூன்றாம் வருஷக் கடைசியில் கொடி பூத்தது. வெனிலாப் பூ ஒரு காலைதான் திறந்திருக்கும். உச்சிக்குள் கையால் மகரந்தம் சேர்த்தாக வேண்டும். பூவுக்குக் கல்யாணம் பண்ணுவது என்போம். பெதூம்புவின் மனைவி ஸனேத்தி அதில் கைதேர்ந்தவள். எலுமிச்சை முள்ளால் பூவின் நாக்கைத் தூக்கி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. மூச்சு விடுவதற்குள் அடுத்த பூ. சிரேசியின் தடித்த விரல்கள் இருபது பூவைக் கிழித்த பிறகு அவள் முள்ளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நவுரு. கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்னா கொலை பண்றான். ஒரு கொத்துல எட்டுக்கு மேல கூடாது, தெரியுதா? பேராசப்பட்டா கொடி செத்துரும்."

தன் தோட்டத்தை மகள்களிடம் விட்டுவிட்டு, அந்தப் பருவம் முழுக்க இருபத்தாறு காலை அவள் இவனுடைய சரிவில் நின்றாள்.

காய் பிடித்தது. விரல் நீளப் பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. சிரேசி தக்கையில் குண்டூசிகளைச் செருகி, தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை ஒவ்வொரு காயிலும் குத்தினான். குத்தின தழும்பு காய்ந்த பிறகும் போகாது; திருடினவன் விற்க வந்தால் யார் வீட்டுக் காய் என்று தெரிந்துவிடும். இனி அறுப்புக்கு நாள் குறிக்கும்வரை, நாலைந்து மாதம், காவல். அறுப்பு நாளுக்கு முன்னால் தன் காயைத் தானே பறிப்பதும் குற்றம்.

அந்த வருஷம் விலை ஏறியிருந்தது, அதனால் திருட்டும் ஏறியிருந்தது. பக்கத்து அம்பினானி ஊரில் ஒரே வாரத்தில் ஏழெட்டுத் தோட்டம் காலி. ஒரு விதவையின் கொடியைக் காயோடு வேரோடு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு ஊரும் கூடி ஊர்க்கட்டு போட்டன: திருடனைப் பார்த்தவன் கத்த வேண்டும், சத்தம் கேட்டவன் கையில் கிடைத்ததோடு ஓடி வர வேண்டும், வராதவனுக்கு ஒரு மாடு அபராதம். திருடனை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. பேசவேண்டிய அவசியம் இல்லை. எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரியும்.

சிரேசி சரிவிலேயே விசிறிவாழை ஓலையில் ஒரு குச்சு கட்டிக்கொண்டு படுத்தான். படுத்தான் என்பது பேச்சுக்கு. எலி ஓடினாலும் எழுந்து உட்காருவான். இரண்டு மாதத்தில் கண்கள் குழிக்குள் போய்விட்டன. வாவிசுவாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்: தகரத்துக்கு முன்பணம் பேசியாச்சு, காய் வித்ததும் கூரை ஏறிடும், அறுப்புக்கு முந்தின நாள் வேன் ஏறு.

அதைக் கேட்டுப் பெதூம்பு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "பொண்டாட்டி வர்றாளா! அப்போ முதல் காய் எனக்குத்தான். ஒரு கொத்துப் பறிச்சு ஸனேத்தி கழுத்துல மாலையாப் போடல, எம்பேரு பெதூம்பு இல்ல."

"அத மட்டும் தொடாதீங்கண்ணே."

"தொடாதேன்னா தொடத்தான்டா ஸீவா!"

அறுப்புக்கு இருபத்து மூன்று நாள் இருக்கும்போது, விடிந்து கொஞ்ச நேரத்தில், குச்சுக்கு வெளியே காய் ஒடியும் சத்தம் கேட்டது. மூடுபனி. பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவன் மூன்றாவது வரிசையில் குனிந்து நின்றான். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

அந்த முதுகைச் சிரேசிக்குத் தெரியும். மூன்று வருஷமாக அவன் கோழியோடு மலையேறின முதுகு. தெரிந்தேதான் கத்தினான்.

"திருடன்! திருடன்! வெனிலாத் திருடன்!"

பெதூம்பு திரும்பினான். ஒரு கணம் திகைத்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து போனான். "அடப்பாவி! இப்பதான்டா உனக்கு விளையாடவே வந்திருக்கு! கத்து, இன்னும் சத்தமாக் கத்து!"

ஓடவில்லை அந்த மனுஷன். நின்ற இடத்தில் நின்று சிரித்தான். கீழ்ப் பாதையில் ரோந்து போய்க்கொண்டிருந்த அம்பினானி ஆட்கள் ஐந்து பேர் அதற்குள் ஏறி வந்துவிட்டார்கள். உலக்கை, அரிவாள். ஐந்து பேரும் காயைப் பறிகொடுத்தவர்கள். பெதூம்புவை அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் அவன் கையைத் திருப்பி, காய்களைப் பிடுங்கி உயர்த்தினான். பதினொரு காய் இருந்தது.

"இது யாரு குறி?"

"என் குறி" என்றான் சிரேசி.

"உன்னக் கேட்டுப் பறிச்சானா?"

"இல்ல."

"சொல்லுடா நான் யாருன்னு" என்றான் பெதூம்பு, சிரிப்பு அடங்காமல். "இவனுங்க நெசமாவே நம்பிட்டானுங்கடா."

ஸீவா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஐந்து பேரும் காறித் துப்பிவிட்டு, வேலையற்றவர்களே என்று திட்டிக்கொண்டே இறங்கிப் போயிருப்பார்கள். சிரேசி வாயைத் திறக்கவில்லை. இரண்டு அடி விழட்டும் என்று நினைத்தான். சட்டிக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று. பின்னாளில் அவனே இதைச் சொன்னான், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான்: இரண்டே இரண்டு அடி.

முதல் உலக்கை தோளில் விழுந்தது. பெதூம்பு அப்போதும் சிரித்தான். "டேய் போதும்டா, வலிக்குது." இரண்டாவது முழங்காலில். அப்போது அவன் சிரேசியை நிமிர்ந்து பார்த்தான், சிரிப்பு போய்விட்டது. சிரேசி வாயைத் திறந்தான். அதற்குள் மூன்றாவது மண்டையில் விழுந்தது.

"ஸீவா! அவன் என் ஸீவா! விடுங்க!" என்று சிரேசி அலறினான். யார் காதில் விழும்? இரண்டு பக்கத்துச் சரிவிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வந்தவன் ஒவ்வொருவனும், முகத்தைப் பார்க்குமுன், ஒரு அடியாவது போட்டான். எங்கள் மருவாத்துக்காரர்களும் இரண்டு பேர் அதில் உண்டு. பிளாஸ்டிக் தாளை விலக்கியபோதுதான் தெரிந்தது, யாரை அடித்துக் கொன்றோம் என்று.

ஜெண்டார்ம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஊரே அடித்தது என்று ஊரே சொன்னது. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

இனி நடந்ததுதான் எனக்குப் பொறுக்காதது. எங்களில் ஒருவன் செத்தால் உடம்பைக் கழுவ வேண்டியவன் ஸீவா. பிணத்தின் காதைத் திருகி, "எழுந்திரிடா சோம்பேறி, கடனைக் குடுக்காம எங்க போற" என்று திட்டி, அழுகிற வீட்டை ஒரு தடவையாவது சிரிக்க வைக்க வேண்டியவன் அவன். அது இல்லாமல் போகிறவன் அரைகுறையாகப் போகிறான். ஸனேத்தி சிரேசிக்கு மூன்று தடவை ஆள் அனுப்பினாள். அவனை வெட்டிப்போட அல்ல, கழுவ வரச்சொல்லி. மூன்றாவது தடவை போனவனிடம் சிரேசி குச்சுக்குள்ளிருந்தே சொன்னான்: "வர முடியாது. காவலுக்கு ஆள் இல்ல."

காவலுக்கு ஆள் இல்லையாம்! கேட்டீர்களா? அவள் முகத்தில் விழிக்கப் பயம் என்று சொல்லியிருந்தாலாவது மன்னிக்கலாம். பெதூம்புவைத் திட்ட ஆளில்லாமல், சிரிப்பில்லாமல் புதைத்தோம். கரும்புச் சாராயம் யாருக்கும் இறங்கவில்லை.

அறுப்புக்கு முந்தின நாள் வாவிசுவா மகளோடும் ஒரு மூட்டை பாத்திரத்தோடும் வந்து இறங்கினாள். ஓலைக் குச்சை ஒரு பார்வை பார்த்தாள், கொடிகளைப் பார்த்தாள். காய்ப்பைப் பார்த்ததும் அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது.

"வேன்காரன் ஏதோ சொன்னானே. ஒரு சாவாமே?"

"அறுத்து முடிச்சுட்டுப் பேசலாம்" என்றான் சிரேசி.

மறுநாள் காலை கூடையை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனபோது, மேல் சரிவிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் ஸனேத்தி, துக்கத்துக்கு அவிழ்த்துவிட்ட தலையோடு. பின்னால் பெதூம்புவின் வம்சம், பதினேழு பேர். ஆளுக்கொரு கூடை. ஊர்ப் பெரியவர் ஸாராமாசியும் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ள, தூங்கி எந்திரிச்சியா?" என்றாள் ஸனேத்தி. குரலில் நடுக்கமே இல்லை. "பொணத்தக் கழுவ நீ வரல. சரி, பாவம், காவலுக்கு ஆள் இல்லாத பய. நாமளே போய் அவன் தோட்டத்தத் துடைச்சுட்டு வரலாம்னு வந்தோம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முறைக்குச் சிரிக்க வேண்டுமே, அந்தச் சிரிப்பு. ஒருத்தி முதல் கொத்தில் கை வைத்தாள். சிரேசி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினான்.

"பெரியவரே, நாலு வருஷம். நீங்களே சொல்லுங்க. எம்பொண்டாட்டி வந்து நிக்கறா. இது நியாயமா?"

"நான் என்னத்தச் சொல்ல?" என்றார் ஸாராமாசி. "திருட வந்தவங்கன்னா ஊர்க்கட்டு இருக்கு. ஒரு சத்தம் போடு, நானே கோலோட அடிக்கறேன். இல்லேன்னா சொல்லு. இவங்க உனக்கு யாரு?"

சிரேசி ஸனேத்தியைப் பார்த்தான். அவள் கழுத்தை லேசாகச் சாய்த்து, பதிலுக்குக் காத்திருந்தாள். பதினேழு பேரும் காத்திருந்தார்கள்.

"ஸீவா" என்றான்.

"கேக்கல."

"ஸீவா! என் ஸீவா!"

"அப்போ கைய விடு. சிரி."

அவன் கையை விட்டான். அவர்கள் வரிசை வரிசையாகப் பறித்தார்கள். அவனையும், அவன் அப்பனையும், துறைமுகத்தையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே பறித்தார்கள். சிறுசு பெரிசு என்று ஒன்றும் விடவில்லை. ஓர் இளையவள் அவசரத்தில் கொடியை இழுத்தபோது ஸனேத்தி அதட்டினாள்: "ஒடிச்சுடாதடி. கணு பத்திரம். அடுத்த வருஷமும் நாம வரணும்ல."

வாவிசுவா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஏய், யாருடா இவங்க? பறிக்கறாங்க, நீ பாத்துக்கிட்டு நிக்கற? வாயில என்ன கொழுக்கட்டையா? கத்தேன்டா!"

அவன் கத்தவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள், நிறைந்துகொண்டிருந்த கூடைகளைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி அவளிடம் நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வாவிசுவா நேரே குச்சுக்குப் போய், இன்னும் பிரிக்காத பாத்திர மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"திரும்பிப் போற வேன் எத்தனை மணிக்கு?" என்று பெரியவரிடம் கேட்டாள்.

"உச்சிக்கு ஒண்ணு இருக்கும்மா" என்றார் அவர்.

ஸனேத்தி நிறைந்த கூடையோடு சிரேசியின் எதிரில் வந்து நின்று, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.